மாற்றாருக்கு ஒரு மலர்வளையம்

(கட்சித் தோழர்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் பேசுவதாக இருந்தது வாக்குச்சாவடிக் குழுக்களின் பணியைப் பற்றி. அந்தக் குறிப்புத்தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்றைக்கு அது அங்கேயே இருக்கட்டும். கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் இளந்தோழர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, ஓர் அழைப்பிதழை நீட்டி, "அண்ணே, இதற்கு நாம் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். குரலிலே கோபம் இருந்தது. கோபத்திற்கு அடியிலே குழப்பம் இருந்தது. அவர் ஒருவருக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு மேடையேற எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்டதை இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதனை நான் அறிவேன். இதனை ஏட்டிலே படிக்கப்போகிற தோழர்களுக்கும் அவரவர் ஊரிலே இதே கேள்வி என்றைக்கேனும் எழத்தான் போகிறது.

அழைப்பிதழ் எதற்கு? நம்மோடு இருபது ஆண்டுக் காலம் மல்லுக்கு நின்ற மாற்றுக் கட்சிப் பெரியவர் மறைந்துவிட்டார்; வருகிற புதன்கிழமை அவருக்குப் படத்திறப்பு. நம்மையும் அழைத்திருக்கிறார்கள். சந்தைக் குத்தகைப் போராட்டத்தின்போது நம் தோழர்கள் மீது வழக்குத் தொடுத்தது அவருடைய கட்சி. அந்த வழக்கு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இளந்தோழர் மேலும் சொன்னார்: "நேற்றுவரை மேடைக்கு மேடை அவரைச் சாடினோம். இன்று போய் மலர் தூவினால் ஊர் சிரிக்காதா? ஒன்று, நேற்றுச் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். அல்லது, இன்று செய்வது பொய்யாக இருக்க வேண்டும்."

சரியான கேள்வி! 'இறந்தவரைக் குறை சொல்லலாகாது' என்ற பழைய வழக்கைச் சொல்லி அவர் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. 'அரசியல் நாகரிகம்' என்ற சொல்லையும் கூடியவரை தவிர்க்க முயல்கிறேன். தம் நாகரிகத்தைத் தாமே மெச்சிக்கொள்கிறவர்கள் கையில் அகப்பட்டு அந்தச் சொல் மிகவும் நைந்துபோயிற்று.

நேற்றுச் சொன்னதும் மெய்யாக இருக்கலாம், இன்று செய்வதும் மெய்யாக இருக்கலாம் என்பதற்கு முதலில் கடல் கடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், பிரிட்டனின் முன்னாள் பிரதமர் நெவில் சேம்பர்லின் மறைந்தார். 1938-இல் மூனிச் நகரிலே இட்லரோடு உடன்படிக்கை செய்து, சமாதானத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நம்பியவர் அவர். அந்த உடன்படிக்கையை, ஒரே கட்சியில் இருந்துகொண்டே, கடுமையாகக் கண்டித்தவர் சர்ச்சில். இலண்டன் மாநகரின் மீது குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்த வேளையில், நவம்பர் 12-ஆம் நாள், சர்ச்சில் பிரதமராக எழுந்து நின்று சேம்பர்லினுக்கு அஞ்சலி செலுத்தவேண்டி வந்தது. வெளியே விழுகின்ற ஒவ்வொரு குண்டும் 'நான் சொன்னது சரியாயிற்று' என்று சர்ச்சிலுக்குச் சான்று கூறிக்கொண்டிருந்தது! அவர் என்ன பேசினார்?

மூனிச் உடன்படிக்கை சரியென்று அவர் சொல்லவில்லை. தம் கண்டனத்தைத் திரும்பப் பெறவும் இல்லை. அதே வேளையில், தாம் சரி, அவர் தவறு என்று மார்தட்டவும் இல்லை. சேம்பர்லினின் நம்பிக்கைகள் பொய்த்தன, ஒரு கொடியவனால் ஏமாற்றப்பட்டார் என்று வெளிப்படையாகவே கூறினார். அந்த நம்பிக்கைகள் எவை என்று அடுத்துக் கேட்டார்: அமைதியின்பால் கொண்ட வேட்கை, போரைத் தவிர்க்க எடுத்த ஓயாத முயற்சி. மனிதர் தம் மனச்சான்றின்படி நடந்தார் என்றார். இரண்டு நாள் கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டார்.

அந்த உரையிலே பொய்யான புகழுரை ஒன்றும் இல்லை. கொள்கையைக் கைவிட்ட சொல் ஒன்றும் இல்லை. மாற்றாரின் செயலைக் கண்டித்த வாயாலேயே அவருடைய நோக்கத்திற்கு நியாயம் வழங்கினார், அவ்வளவுதான். இது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். நோக்கம் நல்லதென்று நம்மால் நம்ப முடியாத மாற்றாரும் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்வேன், சற்றுப் பொறுங்கள்.

நம் மண்ணுக்கு வருவோம்.

1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். வயது 94. அவருக்கும் பெரியாருக்கும் இடையிலே இருந்த பகையையும் நட்பையும் நான் விரிக்கத் தேவையில்லை. 1953-இல் முதலமைச்சராக இருந்த இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சூட்டி நாடெங்கும் எதிர்த்தவர் பெரியார். 1954-இல் இராஜாஜி பதவி விலகிக் காமராசர் முதலமைச்சரானதற்கு அந்த எதிர்ப்பு ஒரு காரணம். அதே பெரியார்தான் 1949-இல், தம் திருமணம் குறித்துக் கலந்துபேசத் திருவண்ணாமலையில் இராஜாஜியைச் சந்தித்தவரும். அந்த இராஜாஜியின் உடல் தீக்கு இரையாகும் இடத்திற்கு, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியிலே வந்தார். வந்தவர் தேம்பி அழுதார். சடங்குகளை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் சிதையருகே அழுது நின்றதைக் கண்டவர்கள் பின்னாளில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

அழுதாரே தவிர, அந்தக் கண்ணீரிலே தம் கொள்கையைக் கரைத்துவிட்டாரா? ஓராண்டு கழித்து, 1973 டிசம்பர் 19-ஆம் நாள், சென்னைத் தியாகராயநகரில் பெரியார் ஆற்றிய இறுதிச் சொற்பொழிவை எடுத்துப் பாருங்கள். சாதி இழிவைப் பற்றி அவர் வாழ்நாளெல்லாம் எதைச் சொல்லி வந்தாரோ, அதனையே, முன்னிலும் சூடாகச் சொன்னார். ஐந்து நாளில் மறைந்தார். அவருடைய அழுகையும் மெய், அவருடைய எதிர்ப்பும் மெய். 'ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்' என்ற நம் தோழரின் தருக்கம் இந்த இடத்திலே உடைகிறது.

ஆனால் ஒன்று. பெரியார் அன்று வந்தது ஒரு நண்பராக, தனி மனிதராக. அவர் கையிலே அரசு இல்லை. அழுவதற்கு யாருடைய கையொப்பமும் தேவையில்லை! ஆட்சியிலே இருப்பவர் தம் மாற்றாருக்கு மரியாதை செய்யவேண்டி வரும்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. அப்போது அவர் கொடுப்பது தம் கண்ணீரை அன்று. பொதுமக்களின் கொடியை, பொதுமக்களின் பீரங்கி வண்டியை, பொதுமக்களின் நிலத்தை. தம்முடையது அல்லாததைக் கொடுக்கும்போது தாராளம் காட்டினேன் என்று பெருமை கொள்ளவும் முடியாது. தர மறுத்தால் அது தம் விருப்பம் என்று சொல்லவும் முடியாது.

இதற்கு விதிகள் இருக்கின்றன. 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். குடியரசுத் தலைவரோ பிரதமரோ பதவியிலிருக்கையில் மறைந்தால் நாடு முழுவதும் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். முதலமைச்சர் மறைந்தால் அந்த மாநிலம் முழுவதும். அரைக்கம்பத்தில் பறக்கவிடுமுன் கொடியை ஒருகணம் உச்சிவரை ஏற்றிப் பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்குமுன்னும் மீண்டும் உச்சிக்கு ஏற்ற வேண்டும். உடல்மீது போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கலாகாது, சிதையிலே எரிக்கலாகாது. இவ்வளவு நுட்பமாக எழுதி வைத்தவர்கள், பட்டியலில் இடம்பெறாத பெரியோர்க்கு அவ்வப்போது தனி ஆணை பிறப்பிக்கப்படும் என்று முடித்திருக்கிறார்கள். 'அவ்வப்போது'! அந்த ஒரு சொல்லிலேதான், தோழர்களே, ஆட்சியாளரின் மனம் பெரிதா சிறிதா என்பது வெளிப்படுகிறது.

பெரியார் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதவர். அமைச்சராகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ இருந்தவர் அல்லர். 1973-இல் அவருக்கு அரசு மரியாதையோடு இறுதி அடக்கம் நடந்தது. பதவி வகிக்காத ஒருவருக்கும் அரசு தலைவணங்கலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. ஆயினும், அன்று ஆண்டவர்கள் பெரியாரைத் தம் ஆசானாகக் கொண்டவர்கள். ஆசானுக்குச் செய்வதிலே வியப்பில்லை.

1975 வேறு கதை. அக்டோபர் 2-ஆம் நாள், காந்தி பிறந்த நாளிலே, காமராசர் மறைந்தார். தமிழ்நாட்டிலே ஆட்சியில் இருந்தது தி.மு.கழகம், முதலமைச்சர் கருணாநிதி. 1967-இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த கட்சி அது. 1971-இல் அந்தக் கட்சியை வீழ்த்த இராஜாஜியோடு கைகோத்து நின்றவர் காமராசர். தேர்தல் களத்தின் வடுக்கள் ஆறாத காலம். எனினும் முழு அரசு மரியாதை தரப்பட்டது. கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே உடல் தகனம் செய்யப்பட்டு, நினைவகமும் எழுந்தது. 'இவர் எங்களை எதிர்த்தவர் ஆயிற்றே' என்ற கணக்குப் பார்க்கப்படவில்லை.

அந்த நாளிலேயே இன்னொரு காட்சியும் இருந்தது. பிரதமர் இந்திரா காந்தி தில்லியிலிருந்து வந்து அஞ்சலி செலுத்தினார். 1969-இல் காங்கிரசு இரண்டாக உடைந்தபோது காமராசர் அவருக்கு எதிர்முகாமில் நின்றவர். இந்திரா வந்தது முறை. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள்! நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு மூன்று மாதமே ஆகியிருந்தது. காமராசரோடு ஒரே கட்சியில் நின்ற மொரார்ஜி தேசாய் காவலிலே இருந்தார். ஜெயப்பிரகாசர் காவலிலே இருந்தார். மறைந்தவருக்கு மலர்வளையம், அவருடைய தோழர்களுக்குச் சிறைக்கதவு! 1976-இல் காமராசருக்குப் பாரத ரத்னா விருதும் வழங்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழகத்துப் பழைய காங்கிரசின் பெரும்பகுதி இந்திராவின் காங்கிரசோடு இணைந்தது. விருதுக்கும் இணைப்புக்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. விருதுக்குக் காமராசர் தகுதியுடையவர் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: இறந்தபின் வணங்கப்பட்ட அந்த மனிதர், உயிரோடு எழுந்து வந்து தம் தோழர்களை விடுவிக்கச் சொல்லியிருந்தால், அந்த வணக்கம் நீடித்திருக்குமா?

மாற்றாரின் உடலுக்கு மரியாதை செய்கிறவர்கள் சிலர், அடுத்த நாளே அவருடைய பெயரைத் தம் கணக்கிலே வரவு வைத்துக்கொள்கிறார்கள். 'உண்மையிலே அவர் மனத்தால் நம்மவர்' என்கிறார்கள். கடைசிச் சந்திப்பிலே தம் காதோடு ஏதோ சொன்னார் என்கிறார்கள். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை! மாற்றாரை ஏசுவதைக் காட்டிலும் இது கொடுமை என்பது என் கருத்து. ஏசுகிறவன் அவரை மாற்றாராகவேனும் விட்டுவைக்கிறான்.

இனி 2018. உங்களிலே பலர் நேரில் கண்ட நிகழ்ச்சி. ஆகஸ்டு 7-ஆம் நாள் மாலை கருணாநிதி மறைந்தார். ஆட்சியில் இருந்தது அ.தி.மு.கழகம், முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. அரசு 7 நாள் துக்கம் அறிவித்தது. மறுநாள் விடுமுறை விட்டது. உடலின்மீது தேசியக் கொடி போர்த்தப்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மறுநாள் ஒத்திவைக்கப்பட்டன. இவற்றிலே குறை சொல்ல ஏதுமில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் அடுத்ததைச் சொல்வது நியாயமும் இல்லை.

ஆனால் மெரினாவில் அண்ணா நினைவிடத்தருகே இடம் வேண்டும் என்று கேட்டபோது, இல்லை என்றது அரசு. கடற்கரை நினைவிடங்களை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் நிலுவையில் உள்ளன, சட்டச் சிக்கல்கள் உள்ளன, ஆகவே காந்தி மண்டபத்தருகே 2 ஏக்கர் தருகிறோம் என்று தலைமைச் செயலாளர் அறிக்கை விடுத்தார். வழக்குகள் இருந்தது உண்மை. அன்றிரவே நீதிபதிகள் கூடினார்கள். வழக்குத் தொடுத்திருந்தவர்கள் தம் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சொல்லப்பட்ட தடை நீங்கிற்று. மறுப்பு மட்டும் நீங்கவில்லை! பதவியில் இருக்கையில் மறைந்த முதல்வர்களே மெரினாவில் இருக்கிறார்கள், முன்னாள் முதல்வர்களுக்கு அங்கே இடமில்லை, 1975-இல் காமராசருக்கும் அங்கே இடம் தரப்படவில்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 1969-இல் அண்ணா, 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா ஆகிய மூவரும் பதவியில் இருந்தபோது மறைந்தவர்களே, தகவல் சரி. ஆனால் அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருந்ததா? தேவைப்பட்ட இரவிலே, நடந்தவற்றைக் கோத்து விதியாக்கிக் காட்டினார்கள். ஆகஸ்டு 8 காலையில் மீண்டும் கூடிய உயர்நீதிமன்றம் இடம் ஒதுக்க ஆணையிட்டது. அன்று மாலை அடக்கம் நடந்தது.

அந்தக் காலை, தீர்ப்பு வராத வேளையிலே, முதலமைச்சர் இராஜாஜி மண்டபத்திற்கு வந்து மலர்வளையம் வைத்து வணங்கினார். அவர் வணங்கியது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். மனிதர் மனத்துக்குள் எட்டிப் பார்க்க எனக்குக் கண் இல்லை. ஆனால் மண்டபத்திலே மலர்வளையம், நீதிமன்றத்திலே மறுப்புரை என்ற இரண்டும் ஒரே அரசின் பெயரால், ஒரே நாளில், நடந்தன. உள்ளே ஒரு குடும்பம் தம் தந்தையை எங்கே அடக்குவது என்று தெரியாமல் விடியவிடியக் காத்திருந்தது. அந்த நிலை எந்தக் கட்சித் தலைவரின் குடும்பத்துக்கும் இனி வரலாகாது. விதி வேண்டும், அது எழுத்தில் வேண்டும், எவரும் மறைவதற்கு முன்பே வேண்டும். யாருக்கு எந்த இடம், யாருக்கு எந்த மரியாதை, எத்தனை நாள் துக்கம் என்பதனைச் சட்டமன்றம், ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் அமர்ந்து, வரையறுத்து வைக்கட்டும். 2023 டிசம்பரில் விசயகாந்த் மறைந்தபோது தி.மு.க. அரசு அவருக்கு அரசு மரியாதை வழங்கியது, நன்று. ஆனால் நன்றாக நடந்தாலும் 'அவ்வப்போது'தானே நடக்கிறது?

நோக்கமே நல்லதென்று நம்ப முடியாத மாற்றாரைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? தென்னாப்பிரிக்காவின் பி.டபிள்யூ. போத்தா 2006 அக்டோபர் 31-ஆம் நாள் மறைந்தார். நிறவெறி ஆட்சியைப் பிரதமராகவும் அதிபராகவும் பதினோராண்டு நடத்தியவர். அவர் ஆட்சிக் காலத்தில் நடந்த கொடுமைகளுக்கு அவரும் பொறுப்பு என்று உண்மை அறியும் ஆணையம் 1998-இல் எழுதிற்று. ஆணையத்தின் முன் வந்து நிற்கவும் மறுத்தவர் அவர். அவர் மறைந்தபோது ஆட்சியிலே இருந்ததோ, அவர் தடைசெய்து வைத்திருந்த ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு. அந்த அரசு கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது; அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த முன்வந்தது. குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். அவர்கள் விருப்பப்படி விட்டார்கள். அதிபர் தாபோ இம்பெக்கி சடங்கிலே போய்க் கலந்துகொண்டார். யார் அந்த இம்பெக்கி? அவருடைய தந்தை கோவன் இம்பெக்கி 1964 முதல் 1987 வரை சிறையிலே கிடந்தவர். அந்தச் சிறைவாசத்தின் பிற்பகுதி போத்தாவின் ஆட்சியிலே கழிந்தது! சிறைப்பட்டவரின் மகன் சிறைவைத்தவரின் சவப்பெட்டி அருகே அமர்ந்தார். அதற்காக ஆணையத்தின் அறிக்கையிலே ஒரு வரியேனும் அழிக்கப்பட்டதா? இல்லை. பதவிக்குரிய மரியாதை பதவிக்குப் போயிற்று. குற்றப் பதிவு ஏட்டிலே நின்றது.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெருமைக்குரியது அன்று. இளமையிலே, எங்கள் ஊர் மாற்றுக் கட்சிக்காரர் ஒருவரின் இறுதி ஊர்வலம் தேநீர்க் கடையைக் கடந்தபோது, எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் பெஞ்சிலே அமர்ந்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கொள்கை வீரம் என்று நினைப்பு! கொள்ளிச் சட்டியோடு போன அவர் மகன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். சில ஆண்டுகள் கழித்து என் தந்தை இறந்த அன்று, நான் செய்வதறியாது திண்ணையில் சாய்ந்திருக்கையில், பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, ஐஸ் பெட்டி வந்தது. யார் சொல்லி அனுப்பியது என்று மறுநாள்தான் தெரிந்தது. அவர்தான். அடுத்த தேர்தலில் இருவரும் எதிரெதிரே நின்றோம். கடுமையாகத்தான் மோதினோம்.

ஆகவே, அழைப்பிதழைக் கொண்டுவந்த தோழரே, புதன்கிழமை நாம் போகிறோம். ஐந்து பேர் போதும். வண்டியிலே கட்சிக் கொடி வேண்டாம், முழக்கம் வேண்டாம், படம் பிடித்துப் பரப்ப வேண்டாம். அமரச் சொன்ன இடத்தில் அமர்வோம். முன்வரிசை கிடைக்கவில்லையென்று முகம் சுளிக்கக் கூடாது. பேச அழைத்தால் நான் பேசுகிறேன், மூன்று மணித்துளி. மேட்டுத்தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி வரக் காரணமாயிருந்தவர் அவர், அதைச் சொல்வேன். சந்தைக் குத்தகையிலே நாங்களும் அவரும் கடைசிவரை உடன்படவில்லை. அதையும் ஒரு வரியிலே சொல்வேன், அவர் வீட்டார் அதை அறிவார்கள். அவர் மனத்தால் நம்மவர் என்று சொல்லமாட்டேன். வழக்கைப் பற்றி அங்கே பேச்சே எடுக்கக் கூடாது. வழக்கின் அடுத்த வாய்தா வருகிற 14-ஆம் நாள். அதற்கும் எல்லோரும் தவறாமல் வந்துவிட வேண்டும். மாலைக்கு நான் சொல்லிவைத்துவிட்டேன். புதன் மாலை 5 மணிக்கு அலுவலக வாசலிலே கூடுவோம்.